ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் தடவை

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்களை சான் பிரான்சிஸ்கோவில் எங்கெங்கே கூட்டிக்கொண்டு போகலாம், எப்படிப் பொழுதைக் கழிக்கலாம் என்று நம் சங்க மலருக்கு ஜாலியாக இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். கேட்டவர்கள் வேறு யாருமில்லை. சின்ன வயதில் என்னோடு லிவர்மோர் கோயில் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு வந்து, வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பினால் பிரசாத லைனுக்கு ஓடியவர்கள்தான். இப்போது நமக்கெல்லாம் வெள்ளெழுத்து வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் பிரஷர் மாத்திரையைத் தேடுகிறோம். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்கு சான் பிரான்சிஸ்கோ என்றாலே குமட்டும்.

அந்தச் சுற்று எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லிவர்மோரில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது மடியில் ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு வேனில் ஏறவேண்டும். மலை ஏறி இறங்கி, ஃப்ரீவேயில் ஊர்ந்து, முதல் பாலம் வந்ததும் வந்தவர்கள் எல்லாரும் கேமராவைத் தூக்குவார்கள். "இது இல்லீங்க, அது வேற பாலம்" என்று அப்பா சொல்வார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பிலிமில் பாதி தீர்ந்திருக்கும். அப்புறம் அந்தச் சிவப்புப் பாலம். அங்கே பனிமூட்டமும் பல் கிட்டும் குளிரும். பட்டுப்புடவைக்கு மேல் ஊர்ப் பெயர் அச்சடித்த ஸ்வெட்ஷர்ட்டை மாட்டிக்கொண்டு ஒரு போட்டோ. பார்க்கிங் லாட்டில் வேனின் பின்கதவைத் தூக்கி, ஐஸ்கிரீம் டப்பாவிலிருந்து புளிசாதம். அதை முடித்த கையோடு, வளைந்து வளைந்து இறங்கும் அந்தத் தெரு. கடைசி சீட்டில் இருக்கும் பிள்ளைக்குப் புளிசாதம் தொண்டை வரைக்கும் வந்து போகும்.

கடைசியாக வார்ஃப், பழைய மீன்பிடித் துறை. வேகவைத்த நண்டின் ஆவி, பழைய எண்ணெய், சர்க்கரைப் பாகு, மூலைக்கு மூலை மூத்திர நாற்றம், அதற்கு மேல் சீல்கள் என்கிற கடல்நாய்கள். மரப்பலகைகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து, ஏப்பம் விட்டு, இருந்த இடத்திலேயே கழிந்து, அதிலேயே புரளும். நம் பெரியவர்கள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மணி நேரம் அங்கேயே நிற்பார்கள். எவ்வளவு நாறினாலும் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கிற ஒன்று அது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விடுவேன். வாயால் விட்டால் அந்த நாற்றம் நாக்கில் படியும். இன்றைக்கும் எழுதும்போது தண்ணீர் குடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆனால் சீலையும் நண்டையும் மட்டும் குறை சொன்னால் பொய்யாகிவிடும். எனக்கு அந்த ஊர் அருவருத்துப் போனதற்குக் காரணம், நான் ஏழாவது படிக்கப் போகவிருந்த வருஷத்துக் கோடையில் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்ததுதான்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. ஈரோட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேபில் வேலை பார்த்தாள். தடிமனான கண்ணாடி, இடுப்புக்குக் கீழே வரைக்கும் பின்னல், சிரித்தால் அடக்கத் தெரியாத சிரிப்பு. சம்பளமில்லாத லீவு போட்டு, ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்திருந்தாள். "அக்கா வீட்டுக்குப் போய்ச் சுத்திப் பாத்துட்டு வா" என்றுதான் அவளை அனுப்பியிருந்தார்கள். ஊரில் பார்த்த வரன் எல்லாம் தட்டிப்போய், அக்கம்பக்கத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா போனில் குரலைத் தாழ்த்திப் பேசும்போது நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அமெரிக்கா வரை போயும் அமையாமல் திரும்பி வந்தால் அப்புறம் ஊருக்குள் தலைகாட்ட முடியாது என்பது தாத்தாவின் கணக்கு. வாரம் தவறாமல் போன் போட்டு அதை அம்மாவின் காதில் ஓதினார்.

வந்த புதிதில் சித்தியை எங்குமே கூட்டிக்கொண்டு போகவில்லை. கோயில், இந்தியன் கடை, வீடு. அவ்வளவுதான். "சான் பிரான்சிஸ்கோ எப்பக்கா போறது?" என்று அவள் கேட்பாள். "போலாம், ஆடி முடியட்டும்" என்பாள் அம்மா. பாலம் பார்ப்பதற்கும் ஆடிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. சித்திக்கும் புரியவில்லை. ஏசி ஓடுகிற வீட்டுக்குள் இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து, விளம்பரம் வரும்போதெல்லாம் அந்தப் பாலம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆவணி பிறந்தது. முதல் சனிக்கிழமையே அம்மா சித்திக்குப் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தாள். பாலத்துக்குப் போக எதற்குப் பட்டு என்று சித்தி சிரித்தாள். பாலத்தடி பார்க்கிங் லாட்டில் எங்கள் வேனுக்குப் பக்கத்தில் இன்னொரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு ஆன்ட்டியும் அங்கிளும், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் ஒரு பையனும் இறங்கினார்கள். "அட, நீங்களா! என்ன இந்தப் பக்கம்?" என்றாள் அம்மா. "சும்மா, பையனுக்கு லீவு, சுத்திப் பாக்கலாம்னு" என்றார் அந்த ஆன்ட்டி. இரண்டு பேரும் முந்தின நாள் ராத்திரி போனில் நேரம் பேசி வைத்தது எனக்குத் தெரியும். சித்தியின் சிரிப்பு நின்றது அப்போதுதான்.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தது கோயிலில் பிரசாதம் கொடுக்கும் ஆன்ட்டி. பே ஏரியாவில் இருந்த கல்யாணமாகாத பையன்கள் எல்லாரும், அவர்கள் வேலை, விசா, கோத்திரம், குலக் கூட்டம் உட்பட அவருக்கு மனப்பாடம். வீட்டுக்கு வந்து பஜ்ஜி சாப்பிட்டுப் பெண் பார்த்தால் அது பெண் பார்த்ததாகிவிடும். வேண்டாம் என்றால் இரண்டு பக்கமும் சங்கடம். சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் தற்செயலாகச் சந்தித்தால் யாருக்கும் ஒன்றுமில்லை பாருங்கள். பிடித்திருந்தால் கல்யாணம், பிடிக்காவிட்டால் பாலம் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். அவர் இதைப் பெருமையாகச் சொல்வார். வாயெல்லாம் பல்லாக அவர் கொடுத்த சர்க்கரைப் பொங்கலை நான் பல வருஷம் வாங்கித் தின்றிருக்கிறேன், கருமம்.

அன்றைக்குப் பாலம் தெரியவே இல்லை. பனி முழுக்க விழுங்கியிருந்தது. எங்கோ மேலே கார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. சித்தி எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கக்கா, பாலத்தையே காணமே!" என்று தன்னை மறந்து சிரித்துவிட்டாள். பையனின் அம்மா அவள் சிரிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வளைந்த தெருவுக்குப் போனபோது, "கார்ல என்ன, நாமெல்லாம் மேல நடந்து ஏறிப் பாக்கலாமே" என்றார். அந்த மேட்டின் அடியிலேயே எல்லாரும் நின்றுகொண்டார்கள். சித்தி மட்டும் ஏறினாள். அவளுக்கு மூச்சு வாங்குகிறதா, ஆஸ்துமா கீஸ்துமா இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஏற்பாடு என்று அம்மாவே அப்பாவிடம் திரும்பி வரும்போது சொன்னாள். குற்றமாகச் சொல்லவில்லை. "கெட்டிக்காரப் பொம்பள" என்று மெச்சித்தான் சொன்னாள்.

மறுநாள் கோயில் ஆன்ட்டி போன் பண்ணினார். பெண் ரொம்பச் சிரிக்கிறது, அவர்களுக்கு அடக்கமான பெண்தான் வேண்டுமாம்.

அடுத்த சனிக்கிழமையே இன்னொரு வேன் வந்தது. அன்று காலையில் அம்மா என்னைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "கண்ணு, அவங்க முன்னாடி போன வாரம் வந்தோம்னு ஒளறி வெக்காத. யாராச்சும் கேட்டா, சித்தி இப்பத்தான் மொத தடவ வர்றாங்கன்னு சொல்லு."

"ஏம்மா? வந்தோமே."

"பல பேர் பாத்த பொண்ணுன்னு ஆயிரும்டி. சொன்னதச் செய்."

அப்படித்தான் அது தொடங்கியது. சனிக்கிழமை தோறும் வேறு வேன், வேறு ஆன்ட்டி, வேறு பையன். பாலம், மேடு, சீல் எல்லாம் அதே. சித்தி ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் முதல் தடவையாகப் பார்க்கவேண்டும். போட்டோவில் அதே புடவை வரக்கூடாது என்று வேறு புடவை. டெவலப் பண்ணி வந்த போட்டோக்களை அம்மா பிரித்துப் பிரித்து வேறு வேறு கவரில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்தாள். அவை எங்கே போயின என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. போனதும் நல்லதுதான்.

வேனில் போகும்போது அம்மா முன்சீட்டிலிருந்து திரும்பிப் பாடம் நடத்துவாள். "போன வாரம் நீ சரியா ஆச்சரியப்படல. பாத்ததும் பேசிரக் கூடாது. கொஞ்ச நேரம் அப்பிடியே பாத்துட்டு நிக்கோணும். அப்பறம் மெதுவா 'எவ்ளோ பெரிசு'ன்னு சொல்லு. சீலப் பாத்தா பயப்படு. ஆனா கத்தாத." சித்தி ஜன்னல் வழியே காய்ந்த மஞ்சள் மலைகளைப் பார்த்துக்கொண்டு "செரிக்கா" என்பாள். அப்பா ரேடியோவில் டிராஃபிக் நியூஸைச் சத்தமாக வைப்பார். அவருக்கு எதுவுமே கேட்காது. கேட்கக்கூடாத நேரத்தில் காது கேட்காமல் போவது அவருக்கு நன்றாகப் பழகியிருந்தது.

அந்த ஆன்ட்டிகளை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஒருத்தர், காற்றில் கலைந்த முடியைச் சரி பண்ணுகிற சாக்கில் சித்தியின் பின்னலை அடிவரை உருவிப் பார்த்தார். சவுரியா சொந்த முடியா என்று தெரியவேண்டுமே. இன்னொருத்தர் புளிசாதம் பரிமாறச் சொல்லிவிட்டு, யாருக்கு முதலில் வைக்கிறாள் என்று கணக்கெடுத்தார். ஒரு அங்கிள் இருந்தார், நெற்றி நிறைய விபூதி. சீல்கள் முன்னால் நின்றுகொண்டு, "கண்ணாடியக் கழட்டிட்டுப் பாரும்மா, அப்பத்தான் நல்லாத் தெரியும்" என்றார். கண்ணாடி இல்லாமல் பெண் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க அவர் கண்ட வழி அது. சித்தி கழட்டினாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு எதிரில் இருக்கும் ஆள்கூடத் தெரியாது. கலங்கலான தண்ணீர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பி, "ஆமாங்க, நல்லாத் தெரியுதுங்க" என்றாள். அந்த அங்கிள் அவள் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்தார். சந்தையில் மாட்டைப் பிடிக்கிறவன்கூட அதன் கண்ணை மறைத்துவிட்டுப் பார்ப்பதில்லை.

அந்த வாரத்திலிருந்து வார்ஃபுக்குப் போகும்போது கண்ணாடி பர்ஸுக்குள்தான் இருக்கவேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு படி வரும் இடங்களில் அழுத்துவேன். அழுத்தினால் காலைத் தூக்கி வைப்பாள்.

ஆவணிக் கடைசியில் வந்தவருக்கு முன்நெற்றி ஏறியிருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம். கையில் ஒரு பிளாஸ்க் வைத்திருந்தார். அவர் அம்மா குட்டையாக, எங்கள் அம்மாவின் ஜாடையிலேயே இருந்தார். குரல்கூட அப்படியே. "பையன் ஆபீஸ் விட்டா வீடு, வீடு விட்டா ஆபீஸ். இந்தப் பக்கமெல்லாம் வந்ததே இல்லீங்க" என்றார். "எங்க பொண்ணும் இன்னைக்குத்தானுங்க மொத தடவ" என்றாள் அம்மா. சீல்களுக்கு வந்ததும், அவர்கள் தனியாக நாலு வார்த்தை பேசட்டும் என்று பெரியவர்கள் ஐஸ்கிரீம் கடைப் பக்கம் ஒதுங்கினார்கள். துணைக்கு என்னை விட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் அவர்தான் பேசினார்.

"அந்த ஓரத்துப் பலகையில குண்டா ஒண்ணு படுத்திருக்கு பாருங்க. இப்பப் பக்கத்துல ஒண்ணு ஏற வரும். ஏற விடாது, புடிச்சுத் தள்ளிரும்."

"கழுத்துல தழும்பு இருக்குமே, அதுங்களா?" என்றாள் சித்தி. "எப்பவும் நடுப் பலகையிலதான படுத்திருக்கும். எடம் மாறிருச்சா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அம்மா எங்கே என்று பார்த்தேன்.

"நீங்க ஃபர்ஸ்ட் டைம் வர்றீங்கன்னு சொன்னாங்க" என்றார் அவர்.

"நீங்க வந்ததே இல்லைன்னு சொன்னாங்க."

"எத்தனாவது தடவைங்க?"

"இதோட அஞ்சுங்க. உங்களுக்கு?"

"பார்க்கிங்ல டிக்கெட் கிழிக்கிறவரு என்னையப் பாத்தா இப்பல்லாம் கையாட்டறாருங்க."

சித்தி சிரித்தாள். கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். முதல் சனிக்கிழமைக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டிருக்கவில்லை. சிரித்து முடித்து பர்ஸைத் திறந்தாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

குளிருகிறதா என்று அவர் கேட்டார். ரொட்டிக் கடைக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது, அங்கே அடுப்பின் சூடான காற்று வெளியே வரும், வாராவாரம் வந்து கண்டுபிடித்தது என்றார். மூன்று பேரும் அந்தச் சுவரை ஒட்டி நின்றோம். சீல் நாற்றம் இல்லை, ரொட்டி வேகும் வாசம் மட்டும் வந்தது. பிளாஸ்கில் சுக்குமல்லிக் காப்பி. அவரே போட்டுக்கொண்டு வந்ததாம். மூடியில் ஊற்றி முதலில் சித்திக்கு, அப்புறம் எனக்குக் கொடுத்தார்.

"உங்களையும் மேடு ஏறச் சொன்னாங்களா?" என்று சித்தி கேட்டாள்.

"அதெல்லாம் இல்லீங்க. தொப்பியக் கழட்டிட்டுக் காத்துல நிக்கச் சொல்லுவாங்க. இருக்கற முடி நெசமா விக்கான்னு பாக்கோணும்ல."

அந்தச் சுவரடியில் நின்ற கொஞ்ச நேரம்தான் அந்த ஊரில் எனக்குக் குமட்டாத நேரம்.

நாங்கள் சிரித்துக்கொண்டே திரும்பி வருவதைப் பார்த்து இரண்டு அம்மாக்களின் முகமும் மலர்ந்துவிட்டது. வேன் பாலத்தைத் தாண்டுவதற்குள் சித்தியே வாயைத் திறந்தாள். "எனக்குப் புடிச்சிருக்குக்கா."

அம்மா சீட்பெல்ட்டோடு முழுக்கத் திரும்பினாள். "நெசமாவா? ஏஞ்சாமி! மொதல்ல அப்பாவுக்குப் போன் போடோணும்."

"நல்ல மனுசங்க்கா. நம்மளாட்டத்தான் அவரும். அவங்கம்மாவும் வாராவாரம் கூட்டிட்டு வந்திருக்காங்க. பார்க்கிங்காரருக்கே அவரத் தெரியுமாம்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அம்மா சிரிக்கவில்லை. "வாராவாரமா? அத்தன பொண்ணு பாத்திருக்கானா?"

"பாத்திருக்காரு. அதுக்கென்ன?"

"அத்தன பேரு வேண்டாம்னு சொல்லிருக்காங்கன்னா சும்மாவா சொல்லிருப்பாங்க? என்னமோ கொற இருக்குது."

"அப்ப எனக்கு?"

"நீ வேற. உனக்கு அமையல. அவனுக்குக் கொற இருக்குது."

சித்தி அப்பாவின் பின்னந்தலையைப் பார்த்தாள். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவர் கண் ஒருதரம் மேலே வந்து போனது. "வெசாரிக்கலாம்" என்றார். "வெசாரிக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் அம்மா. அவர் ரேடியோவைத் திருகினார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. கோயில் ஆன்ட்டிதான். அந்தப் பக்கத்திலும் பையன் வேனிலேயே சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறான். பல பேர் பார்த்து வேண்டாம் என்ற பெண் எங்களுக்கும் வேண்டாம் என்று அவன் அம்மா சொல்லிவிட்டாராம். எங்கள் அம்மா சொன்ன அதே வார்த்தை. அம்மா போனை வைத்துவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. இரண்டு பேருக்கும் பிடித்திருந்ததே என்று அவள் வருத்தப்படவில்லை. "நாம முந்தியிருக்கோணும்" என்றாள். "வர்ற வழியிலயே பே போன்ல வேண்டாம்னு சொல்லியிருந்தா அவளுக்கு இந்தத் திமிரு வந்திருக்காது." எனக்கு அன்றைக்கு வளைந்த தெருவில் வராத வாந்தி அப்போது வந்தது.

அந்தப் பிளாஸ்க்காரர் விடவில்லை. அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்குப் போன் பண்ணினார். அம்மாதான் எடுத்தாள். அடுப்படியில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த சித்தி, அம்மாவின் குரல் மாறியதிலேயே யாரென்று கண்டுபிடித்துவிட்டாள். மாவுக் கையோடு வந்து பக்கத்தில் நின்றாள். கையை நீட்டினாள். "அவ வீட்ல இல்லீங்க" என்று அம்மா அவளைப் பார்த்துக்கொண்டே சொல்லிப் போனை வைத்தாள்.

"எதுக்குக்கா இப்பிடிப் பண்ணற?"

"வேண்டாம்னு சொன்ன வீடு. அங்க போய் விழுந்தியானா காலம் பூரா அந்தப் பொம்பள சொல்லிக் காட்டுவா. அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

சித்திக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவருடைய நம்பர் தெரியாது. எங்கள் தெருவிலிருந்து பால் வாங்கக் கடைக்குப் போகவே யாராவது கூட்டிக்கொண்டு போகவேண்டும். இரண்டு நாள் கழித்து, அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, "மாமா, அவங்க நம்பர் கெடைக்குமா?" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா லாண்டரியை மடித்துக்கொண்டிருந்தார். "உங்கக்காவக் கேளும்மா" என்று சொல்லிவிட்டு, மடித்த துண்டையே எடுத்து மறுபடி மடித்தார். அப்பாவின் மேல் எனக்கு இருந்த மரியாதை அந்தத் துண்டோடு போயிற்று.

அம்மா கெட்டவள் இல்லை. தாத்தாவின் போனுக்கு அவள் எப்படி நடுங்குவாள் என்று இப்போது, அதே வயதைத் தாண்டி வந்த பிறகு, எனக்கு விளங்குகிறது. தங்கையை ஒரு நல்ல இடத்தில் சேர்க்கவேண்டும் என்று நிஜமாகவே தவித்தாள். எல்லாம் விளங்குகிறது. ஆனாலும் அந்தப் போனை வைத்த கை கண்ணில் வரும்போதெல்லாம் சீ என்றுதான் வருகிறது.

புரட்டாசி முழுக்க ஒன்றுமில்லை. நல்ல காரியம் பேசக்கூடாத மாதமாம். சித்தி சமைத்தாள், என் சயின்ஸ் வீட்டுப்பாடத்தைச் சொல்லிக் கொடுத்தாள், போன் அடித்தால் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மாதக் கடைசியில் தூக்கிப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள். விசா முடியச் சில வாரங்களே இருந்தன. ஐப்பசி பிறந்ததும் கோயில் ஆன்ட்டி இன்னொரு வரன் சொன்னார்.

அன்றைக்கு வேனில் அம்மா பாடம் நடத்தத் திரும்பியபோது, "தெரியுங்க்கா" என்றாள் சித்தி. அவ்வளவுதான் பேசினாள். அன்று பனி இல்லை. வெயிலில் பாலம் பளிச்சென்று நின்றது. அந்தப் பையன் தள்ளி நின்று கேமராவைச் சரி பண்ணிக்கொண்டிருந்தான். சித்தி கைப்பிடிச் சுவர் வரைக்கும் நடந்து போய் நின்றாள். உடனே பேசவில்லை. உதடு மெல்லப் பிரிந்தது. கை தானாக எழுந்து வாயில் வந்து நின்றது. கண் நிறைந்து ஒரு சொட்டு இறங்கியது. அந்தப் பையன் கேமராவைக் கீழே இறக்கிவிட்டான். "எவ்ளோ வெள்ளந்தியா இருக்கு பாருங்க பொண்ணு" என்று அவன் அம்மா எங்கள் அம்மாவின் கையைப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்று அந்த முகத்தைப் பார்த்தேன். அதில் சித்தியே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அன்று ராத்திரியே சம்மதம் சொல்லிவிட்டார்கள். தை மாதம் ஈரோட்டில் கல்யாணம். அந்தக் கேமராப் பையன்தான் எங்கள் சித்தப்பா.

போன மாதம் லிவர்மோர் கோயிலில் அவருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. உங்களில் பாதிப் பேர் வந்திருந்தீர்கள். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் மைக்கைப் பிடித்துச் சொன்னதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "நான் இவளப் பாத்து விழல. இவ பாலத்தப் பாத்த மூஞ்சியப் பாத்துத்தான் விழுந்தேன். அப்பிடி ஒரு ஆச்சரியத்த நான் யார் மூஞ்சிலயும் பாத்ததில்ல" என்றார். இது அவர் ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லும் கதை. சொல்லிவிட்டு, "ஒரே ஒரு தடவ அந்த மூஞ்சியக் காட்டு" என்று கேட்பதும் வழக்கம். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த சித்தி காட்டினாள். உதடு பிரிந்தது, கை வாய்க்கு வந்தது. கண்கூட நிறைந்தது. நீங்கள் எல்லாரும் போனைத் தூக்கி வீடியோ எடுத்தீர்கள். முதல் வரிசையில் எங்கள் அம்மா, "நான் பாத்து வெச்ச மாப்பிள்ள" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக் கை தட்டினாள்.

நான் எழுந்து ஹாலுக்குப் பின்னால் இருக்கும் கிச்சனுக்குப் போய்ச் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் சித்தி வந்தாள், தண்ணீர் குடிக்க. மாலை உறுத்தி அவள் கழுத்து சிவந்திருந்தது. நான் குழாயைத் திறந்து பிடித்துக் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை பொறுக்க முடியவில்லை.

"ஏன் சித்தி இன்னும் இதச் செய்யறீங்க? இத்தன வருசம் ஆச்சு. நெசத்தச் சொல்லிர வேண்டியதுதான? சித்தப்பா சிரிச்சுட்டுப் போயிருவாரு."

அவள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். யாராவது வருகிறார்களா என்று கதவுப் பக்கம் பார்த்தாள்.

"ஆபரேசனுக்குக் கூட்டிட்டுப் போனாங்கல்ல அவர, அன்னைக்கு என் கையப் புடிச்சுட்டு அதத்தான் காட்டச் சொன்னாரு கண்ணு. அதப் பாத்துட்டுத்தான் உள்ள போனாரு." குழாயை மூடினாள். "ரொம்ப நல்ல மனுசன். கெட்டவரா இருந்திருந்தா எப்பவோ சொல்லியிருப்பேன்."

வெளியே போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.